காப்பும் கல்லீரலும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு என் மகன் மஞ்சள் வேட்டியைக் கழற்றிவிட்டு, வெள்ளை டி-சட்டை போட்டுக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தான். வேட்டி சாமி அறையிலேயே கிடந்தது. மஞ்சள் மட்டும் அவனோடு வந்துவிட்டது.

"நில்லு. மேல பாரு."

"என்னம்மா?"

"என்னைப் பாக்காத. கூரையப் பாரு."

பார்த்தான். கண்ணில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடம், கடலை மாவைக் கரைத்து ஊற்றினாற்போல இருந்தது. என் கணவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சத் தேச்சுக் குளிக்கிறான்ல, அதான். காலையிலயே ஏன் டென்ஷன் ஆவுற?"

"கண்ணுக்குள்ளயா தேப்பாங்க?"

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். படித்து முடிக்காமல் அவர் பேப்பரை மடித்து நான் பார்த்ததே இல்லை. நான் கார் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

நாங்கள் மலேசியாவில், பத்து பகாட் என்கிற ஊரில் இருக்கிறோம். நான் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஒரே பிள்ளை, முப்பத்தொரு வயது. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. வாரநாட்களில் ஜொகூர் பாருவில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் வருவான். சனிக்கிழமை வீட்டுக்கு வருவான். குடிப்பான். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் குடிகாரன் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தோம்.

அதற்குச் சாட்சி தைப்பூசம். ஆண்டுதோறும் ஒரு மண்டலம் விரதம் இருந்து காவடி எடுப்பான். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டான். ஒருவேளைச் சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, பொழுது சாய்ந்தால் தண்ணீர் மட்டும். "நெனச்சா நிறுத்திருவான் லா, அந்த வைராக்கியம் அவன்கிட்ட இருக்கு" என்று என் கணவர் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். நானும் தலையாட்டுவேன். விரதம் தொடங்கி முதல் சில நாள் அவனுக்குக் கை நடுங்கும், வேர்க்கும். பசி பழகவில்லை என்போம்.

காப்பு என்பது ஒரு விரலி மஞ்சள் துண்டைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. நேர்த்தி முடியும்வரை கையை விட்டு இறங்கக்கூடாது. கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அவனுக்குக் கட்டுகிறவர் அவர்களுடைய காவடிக் குழுவின் தலைவர். அலகு குத்துவதும் அவர்தான். எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். பெயருக்கேற்ற தாடியோ தீட்சையோ எதுவும் கிடையாது. பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டுகிறவர், என் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர், என்னிடம் உயிரியலில் தேறாமல் போனவர்.

இந்த முறை கடைசி வாரங்களுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மகன் வீட்டிலேயே இருந்தான். அதனால் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தேனே தவிர, கண்டதை எல்லாம் தப்பாகப் படித்தேன். உடம்பு இளைத்தது, விரதம் என்றேன். தட்டில் பாதி மிச்சம் வைத்தான். மனசு அடங்கிவிட்டது என்றேன். பகலெல்லாம் சோர்ந்து படுத்தான். காவடிக்கு உடம்பைச் சேர்த்து வைக்கிறான் என்றேன். எதிர்வீட்டு அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "முகத்துல ஒரு ஒளி வந்துருக்கு டீச்சர், முருகன் வந்துட்டான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நோயின் ஒவ்வோர் அடையாளத்துக்கும் பக்தியில் ஓர் அடையாளம் ஒத்துப்போனது. மஞ்சள் துணி உடுத்தியவன் மஞ்சளாகத் தெரிவதில் யார் சந்தேகப்படுவார்கள்?

காரில் ஏறியதும் கணவர் சொன்னார்: "ஆயர் ஈத்தாம்ல ஒருத்தர் கீழாநெல்லி அரைச்சுக் குடுப்பாரு. மூணு வேளை. உப்பு, எண்ணெய் கூடாது. என் தம்பிக்கு அதுலதான் நின்னுச்சு."

"உங்க தம்பி குடிக்கிற ஆளா?"

பின்னிருக்கையில் அவன் சன்னல் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தான். கணவர் ஆயர் ஈத்தாம் போகிற பாதையை விட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். அன்று முழுவதும் நாங்கள் சரியாகச் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். என் மாணவிகளில் ஒருத்தியாக இருந்திருக்கலாம், அந்த வயது. மலாயில்தான் பேசிக்கொண்டோம். வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். முடிவுகள் வந்த பிறகு நாற்காலியை இழுத்து அவன் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார். நின்றுகொண்டு கேட்கவில்லை. அதற்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"காலையிலேர்ந்தா, சாயங்காலத்துலேர்ந்தா டாக்டர்?"

என் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டர் முகம் மாறவில்லை. "ரெண்டும் சொல்லுங்க" என்றார். சொன்னான். பாலம் தாண்டுவதற்கு முன்னால் ஒரு வாய், மதியம், வேலை முடிந்து நண்பர்களோடு, பிறகு தனியாக. எதையும் குறைக்கவில்லை. எந்த மாணவனும் எந்த வாய்மொழித் தேர்விலும் இத்தனை நேர்மையாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. என் பிள்ளையை நினைத்துப் பயமும் மதிப்பும் ஒரே நேரத்தில் வந்த நிமிஷம் அது.

"வைரஸ் மஞ்சள் காமாலை இல்லை, புவான்" என்றார் டாக்டர் என்னிடம், அம்மா என்பதற்கு மலாயில் சொல்கிற மரியாதையோடு. "குடியால் கல்லீரலில் வந்த அழற்சி. கடுமையானது."

"ஆனா நிறுத்திட்டானே. ஒரு மாசத்துக்கு மேல தொடலையே."

"அடுப்பை அணைச்சதும் குக்கர் ஆறிடுதா? நிறுத்தினது ரொம்ப நல்லது. அவர் இங்க வந்து உட்கார்ந்திருக்கிறதே அதனாலதான். ஆனா உள்ளே நடந்துகிட்டிருந்தது உடனே நிக்காது."

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டேன். என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் லேசாகச் சிரித்தார். "அப்போ உங்களுக்குத் தெரிஞ்ச பாடம்தான்" என்று, வார்டின் ஓரத்தில் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போய் விளக்கினார். நோயாளிகள் நிறைந்த வார்டில் ஒரு டாக்டர் ஒரு தாய்க்கு ஒதுக்கிய அந்த நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

தெரிந்த பாடம்தான். ஆண்டாண்டாக நான் கரும்பலகையில் வரைந்தது. கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரல்களுக்கு நடுவே இருக்கிற செல்கள் சொல்லிவைத்தாற்போல் இறந்து ஒதுங்குவதால்தான் விரல் விரலாகப் பிரிகிறது. தலைப்பிரட்டையின் வால் மறைவதும் அப்படித்தான். இதைத் திட்டமிட்ட செல் இறப்பு என்போம். உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது. நல்ல குடித்தனக்காரர் வாடகை வீட்டைக் காலி செய்வது போல, அந்தச் செல் சுருங்கி, தன் உள்ளே இருப்பதைத் தானே நறுக்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, "எடுத்துக்கொள்ளலாம்" என்று மேலே ஓர் அடையாளமும் காட்டும். பக்கத்துச் செல்களும் துப்புரவுச் செல்களும் வந்து விழுங்கிவிடும். தரையில் ஒரு சொட்டுச் சிந்தாது. வீக்கம் இல்லை, தழும்பு இல்லை. நல்ல கல்லீரலிலும் எந்நேரமும் எங்காவது ஒரு செல் இப்படி விடைபெற்றுக்கொண்டிருக்கும். பக்கத்துச் செல் இரண்டாகி அந்த இடத்தை நிரப்பும். நம் உடம்பில் இவ்வளவு மரியாதையான ஒரு காரியம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது என்று சொல்லும்போது, வகுப்பில் கடைசி பெஞ்சுகூட அமைதியாகிவிடும்.

"குடி வந்தா அந்த ஒழுங்கு கெட்டுப்போகுது" என்றார் டாக்டர். கல்லீரல் செல்தான் சாராயத்தை உடைக்கிறது. உடைக்கும்போது கிடைக்கிற பொருள் சாராயத்தைவிட நஞ்சு. அது செல்லின் சக்திக்கூடங்களைப் பொத்தலாக்கும். பொத்தல் விழுந்தால் அதுவே "கிளம்பு" என்கிற உத்தரவு. போதாததற்குக் குடி குடலின் சுவரையும் இளக்கிவிட, கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தோடு நேரே கல்லீரலுக்கு வரும். அவற்றைக் கண்டு காவல் செல்கள் கத்த ஆரம்பிக்கும். அந்தக் கூச்சலும் செல்லின் காதில் சாவு உத்தரவாகவே விழும். ஒன்று இரண்டு போக வேண்டிய இடத்தில் கூட்டம் கூட்டமாகப் போகும். பொட்டலங்களை எடுக்க ஆள் போதாது. எடுக்காத பொட்டலம் கிழியும். சில செல்கள் பொட்டலம் கட்டக்கூட நேரமில்லாமல் வெடித்துவிடும். உள்ளிருந்தது வெளியே கொட்டும். கொட்டியதைப் பார்த்து வெள்ளணுக்கள் படையாக வந்து, நல்ல செல்லையும் சேர்த்து அடிக்கும். அடிபட்ட இடத்தைத் தழும்புத் திசு மூடும்.

"வெடிக்கிறது விபத்துன்னுதான் நான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன்.

"அப்போ எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. இப்போ பார்த்தா வெடிக்கிறதுலயும் சிலதுக்குச் செல்லுக்குள்ளயே திட்டம் எழுதியிருக்கு. உள்ளே கிருமி புகுந்தா, ஊரைக் கூட்டணும்னு அது வேணும்னே கதவை உடைக்கும். நல்ல நோக்கம்தான், புவான். இங்க கிருமிக்குப் பதிலா பாட்டில் வந்து நிக்குது."

பயந்து போயிருந்த அந்த நேரத்திலும் எனக்குச் சிலிர்த்தது. என் மகனைக் கொல்லப் பார்த்தது எதுவும் அந்நியம் இல்லை. எல்லாமே அவனைக் காப்பாற்ற வைத்திருந்த ஏற்பாடு.

"செத்துப்போகாதேன்னு அந்தச் செல்லுக்குச் சொல்ல ஒரு மருந்து இல்லையா?"

"தேடிக்கிட்டே இருக்காங்க. ஒரு கதவை அடைச்சா வேறொரு கதவு வழியாப் போயிடுது. அதோட, கெட்டுப்போன செல் சாகாம உட்கார்ந்திருக்கிறதும் ஆபத்து. அதுதான் பின்னால புற்றா மாறும்." அவன் ரத்த முடிவுகளைப் புரட்டிக்கொண்டே, "வெளியே நடக்கிற சண்டையை அடக்க ஸ்டீராய்டு குடுக்கிறோம், தொற்று இல்லைன்னு பார்த்துட்டு. ஒரு வாரத்துல மஞ்சள் இறங்குதான்னு பார்ப்போம். மீதி ரெண்டு மருந்து உங்க வீட்டுல இருக்கு. ஒண்ணு, குடி கூடாது. இன்னொண்ணு, சாப்பாடு."

அங்கேதான் சிக்கல். நல்ல கல்லீரல் இரவுக்கு வேண்டிய சர்க்கரையைச் சேமித்து வைக்கும். அவனுடையதால் முடியாது. நமக்கு ஓர் இரவு பட்டினி என்றால் அவன் உடம்புக்கு அது பல நாள் பட்டினி; தசையைக் கரைத்துத் தின்ன ஆரம்பித்துவிடும். புதிய செல் முளைக்கப் பருப்பும் புரதமும் இல்லை என்றால் எதை வைத்து முளைக்கும்? கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, படுக்கும் முன்னாலும் சாப்பிட வேண்டும். சைவமாகவே இருக்கட்டும், சோயாவில் செய்த தொவ்ஃபு, டெம்பே, பருப்பு, பால் எல்லாம் தருகிறோம் என்றார் உணவு ஆலோசகர். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் கூடவே கூடாது.

மகன் கேட்டுக்கொண்டான். தலையாட்டினான். சாயங்காலத் தட்டு வந்தபோது மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"காப்புக் கட்டியிருக்கும்மா."

தாதி ஊசி ஏற்றும்போது கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று கத்தரிக்கோலை எடுத்தார். அவன் கையை இழுத்த வேகத்தில் தட்டு சாய்ந்தது. நோயாளியிடம் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது அதிசயம். அந்தப் பெண் நல்லவர். கோபிக்காமல் இடது கையில் ஊசியைப் போட்டு, கயிற்றின் மேல் ஒரு மெல்லிய பட்டி ஒட்டினார். "சரி அண்ணே, உங்க நகை பத்திரம்" என்றார்.

மறுநாளும் அப்படியே. நண்பகலில் ஒரு தடவை நாலு கரண்டி சோறு. அவ்வளவுதான். கணவர் ஊர் முருகன் கோயிலுக்குப் போய்க் குருக்களைக் கேட்டுவிட்டு வந்தார். "ஆஸ்பத்திரியில இருக்கிறவனுக்கு எந்த நேர்த்தியும் இல்லைன்னு சொல்றாரு. அர்ச்சனை பண்ணி விபூதியும் குடுத்திருக்காரு. இந்தா, பூசிக்கிட்டுச் சாப்பிடு."

"அவரா கட்டினாரு?"

"டேய், முருகனே வந்து சொல்லணுமாடா ஒனக்கு?"

"கத்தாதீங்கப்பா. பக்கத்துல ஆளுங்க தூங்குறாங்க."

நான் கெஞ்சினேன். செல்களைப் பற்றிச் சொன்னேன். படம் வரைந்தும் காட்டினேன். பாதியில் அவன் சிரித்துவிட்டான். "அம்மா, இங்கயும் கிளாஸா? பரீட்சை எப்போ?" என்றான். சிரிப்பில் அவன் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

கணவர் தேநீர் வாங்கப் போன பிறகுதான் அவன் உண்மையைச் சொன்னான். சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இந்தக் கயிறு அவுந்தா நான் குடிச்சுருவேம்மா. சாமிக்குப் பயந்து இல்ல. வருஷத்துல இந்த நாள்தான் எனக்குக் குடி ஞாபகமே வராது. பசிக்குதுல்ல, பசி இருக்கறப்போ அது வராது. கயிறும் பசியும் சேந்துதான் புடிச்சு வச்சிருக்கு. ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் போயிரும். எனக்குத் தெரியும்."

டாக்டர் சொன்ன இரண்டு மருந்தும் ஒன்றையொன்று தடுத்துக்கொண்டு நின்றன. சாப்பிட்டால் குடிப்பான். சாப்பிடாவிட்டால் சாவதற்குக் குடியே தேவையில்லாமல் போய்விடும். வைராக்கியம் என்று நாங்கள் ஊருக்குக் காட்டிப் பெருமைப்பட்டது, ஒருவன் ஆண்டு முழுவதும் மூழ்கிக் கிடந்து கொஞ்ச நாள் மட்டும் பிடித்துக்கொள்கிற கயிறு என்று அப்போது புரிந்தது. தனியாக, ஒருவருக்கும் சொல்லாமல், ஒவ்வோர் ஆண்டும் அதைப் பிடித்திருக்கிறான். அவன் விரல்களைப் பார்த்தேன். அழகாகப் பிரிந்த விரல்கள். எத்தனையோ செல்கள் ஒதுங்கிக் கொடுத்து உண்டான கை.

மாஸ்டரின் தொலைபேசி அணைந்தே கிடந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருக்கிறார், எப்போது வருவார் தெரியாது என்றார் அவர் மனைவி. அவன் நோயையும், காப்பைச் சொல்லிச் சாப்பிட மறுப்பதையும் செய்தியாகச் சொல்லிவைத்தோம். புதன்கிழமை வந்த ரத்த முடிவில் மஞ்சளின் அளவு இறங்கவில்லை. டாக்டர் தட்டின் மூடியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்று வெளியே வந்து சொன்னார். "அவர் சம்மதிக்கணும், புவான். கட்டிப்போட்டுப் போட முடியாது."

அன்று பிற்பகல் பார்வை நேரத்தில், வார்டு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாஸ்டர் வந்தார். குளிக்கக்கூட இல்லை. காக்கிக் காற்சட்டை, கழுத்தில் துண்டு, மேலெல்லாம் அன்னாசி வாசனை. என்னைக் கண்டதும் பள்ளிக்கூடப் பழக்கத்தில் நேராக நின்றார்.

"டீச்சர்."

"உக்காருப்பா."

உட்காரவில்லை. கட்டிலருகே போய் என் மகனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மகன் வலது கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டான்.

"அவுக்க வந்தீங்களா மாஸ்டர்?"

"யாரு சொன்னா? லாரிய தார் ரோட்டுல வுட்டுட்டு ஓடியாறேன், அவுக்கறதுக்கா? கைய எடு வெளிய."

தயங்கித் தயங்கி எடுத்தான். மாஸ்டர் தாதி ஒட்டிய பட்டியை மெதுவாகப் பிரித்தார். கயிறு தளர்ந்து போயிருந்தது. மணிக்கட்டு அவ்வளவு இளைத்திருந்தது. முடிச்சைப் பிடித்து இறுக்கினார். இன்னொரு முடிச்சும் போட்டார். என் கணவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது கெடக்கட்டும்" என்றார் மாஸ்டர். "தைப்பூசம் போனாலும் கெடக்கட்டும். தானா நைஞ்சு விழுந்தா புதுசு கட்டுறேன். பாட்டில தொட்ட அன்னிக்கு நீயே வந்து என்கிட்ட கைய நீட்டு, அவுக்கறேன். அதுவரைக்கும் ஒருத்தனும் தொடக்கூடாது." பிறகு தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அதிலும் ஒரு மஞ்சள் கயிறு. "நானும்தான் வெரதம். ஒருவேளைதான் சாப்பிடுறேன். இன்னிலேர்ந்து அதையும் விட்டுட்டுப் பாலும் பழமும்தான். ஒன் பங்குக்கு."

"மாஸ்டர், லாரி ஓட்டணும் நீங்க..."

"வாய மூடு. என் லாரி, என் வயிறு." மேசையில் மூடியோடு கிடந்த தட்டை என் பக்கம் காட்டினார். "டீச்சர், அதக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க." நான் தள்ளினேன். மூடியைத் திறந்து, ஆறிப்போன டெம்பேயை முகர்ந்து முகம் சுளித்தார். கரண்டியை எடுத்து அவன் விரல்களுக்கு நடுவில் வைத்தார்.

"கயிறு ஒன்னோடது தம்பி. பசிய மட்டும் எங்கிட்ட குடுத்துரு. சாப்பிடு."